வாவிக் கரையிலே தூரமளக்கும் கண்

மீன் பாடும் தேனாடு என மட்டக்களப்பைப் போற்றாத ஈழத் தமிழர் இலர். நகரின் வடபால் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியே அந்நாட்டின் உயிர்நாடி. ஞாயிறு எழுந்திசையிலுள்ள கரையை எழுவான்கரை என்றும், படுந்திசையிலுள்ள கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். பெயரிடும்போதே திசையையும் வகுத்துக்கொண்ட நாடு இது.

இவ்வாவியின் எழிலைக் கண்டு மகிழ்ந்தோர் பலர்; படம் பிடித்துச் சென்றோரும் பலர். ஆயினும் படம் பிடிக்குமுன் தூரத்தை அளந்து பார்த்தோர் இக்காலத்தில் மிகச் சிலரேயாவர். கைத்தொலைபேசியிலுள்ள கமரா அவ்வேலையை நமக்குத் தெரியாமலே செய்துவிடுகின்றது. நம் முன்னோர் கையாண்ட கமராவோ அவ்வாறன்று. "நீ காண விரும்பும் பொருள் எது? அது எவ்வளவு தூரத்தில் உள்ளது?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை பெற்ற பின்னரே அது தெளிவான படத்தைத் தரும்.

அத்தகைய கமராவொன்றை எடுத்துக்கொண்டு, போயா விடுமுறை நாளொன்றில், பௌதிகம் பயிலும் மாணவர் இருவருடன் வாவிக்கரை வழியே நாம் நடந்து சென்றோம். கமரா யப்பானியரின் மாமியா சிக்ஸ் என்னும் மடிப்புக் கமரா. மூடினால் சிறு புத்தகம்போல் சட்டைப்பையை நிறைக்கும். திறந்தால் தோல் துருத்தி விரிந்து வில்லை முன்னே வந்து நிற்கும். 1901-இல் கொடாக் நிறுவனத்தார் வெளியிட்டு, இன்றும் விற்பனையாகும் 120 என்னும் சுருள் பிலிமில் ஆறு சென்ரிமீற்றர்ச் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். இவ்வளவினதை நடுத்தர அளவுப் படம் என்பர்.

கோட்டை வாயிலில் ஒரு முக்கோணம்

புளியந்தீவிலுள்ள பழைய கோட்டையிலே நம் நடை தொடங்கிற்று. 1628-இல் போர்த்துக்கேயர் கட்டியதும், 1638-இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதுமான கோட்டை இது. நெடுங்காலம் கச்சேரி இயங்கிய இடமும் இதுவே. மதிலோரத்தில் நின்று எதிர்க்கரையைச் சுட்டி, "அத்தென்னை எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று மாணவரைக் கேட்டோம். ஒருவர் முந்நூறு மீற்றர் என்றார். மற்றவர் அறுநூறு என்றார். நீர்ப்பரப்புக்கு மேலே தூரத்தை மதிப்பிடுவது எவர்க்கும் கடினமே. இடையே மரமோ வீடோ இல்லாதவிடத்துக் கண்ணுக்கு ஊன்றுகோல் இல்லை.

வாசகர்களும் இச்சிறு சோதனையை வீட்டிலே செய்து பார்க்கலாம். கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் விரலை நோக்குக. பின்னர்க் கண்ணை மாற்றுக. விரல் இடம் பெயர்ந்ததுபோல் தோன்றும். விரலை முகத்துக்கு அண்மையிற் கொணர்ந்தால் பெயர்ச்சி பெரிதாகும். தொலைவிற் கொண்டுசென்றால் சிறிதாகும். இதனை இடமாறு தோற்றம் என்பர். நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் ஆறு சென்ரிமீற்றர் உண்டு. அந்த ஆறு சென்ரிமீற்றரும் ஒரு முக்கோணத்தின் அடி. நோக்கும் பொருள் அதன் உச்சி. அடியின் நீளமும் கோணமும் தெரிந்தால் உச்சியின் தூரம் தானே பெறப்படும்.

இதே கணக்கைக் கொண்டுதான் 1802-இல் வில்லியம் லாம்டன் என்பார் சென்னை பரங்கிமலை அருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டை நிலத்தில் அளந்து, இந்தியா முழுவதற்குமான முக்கோண அளவையைத் தொடக்கி வைத்தார். அங்கே அடிக்கோடு ஏழரை மைல். கமராவிலோ சில சென்ரிமீற்றர். அளவு வேறாயினும் கணக்கு ஒன்றே.

பெட்டிக்குள் நிகழ்வது

தூரமானி என்று நாம் அழைக்கும் அப்பகுதியின் உள்ளமைப்பு எளிதே. கமராவின் முகத்தில் இரண்டு சிறு சன்னல்கள் உண்டு. ஒன்றின் பின்னே பாதி ஒளியை ஊடுசெல்லவிட்டு, மீதிப் பாதியைத் தெறிக்கச் செய்யும் ஆடி சாய்வாக அமைந்திருக்கும். மற்றச் சன்னலின் பின்னே உள்ள சிறு ஆடி, தன் மீது விழும் ஒளியை முதலாவது ஆடிக்கு அனுப்பும். ஆகவே கண்ணை வைத்துப் பார்ப்பவர்க்கு இரண்டு விம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும். பொருளின் தூரத்துக்கு ஏற்றவாறு ஆடி திரும்பும்வரை அவ்விரண்டும் விலகி நிற்கும். சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற அவை நெருங்கி, ஈற்றில் ஒன்றாய் இணையும். இணைந்த கணத்தில் தூரம் அளக்கப்பட்டாயிற்று.

அளந்த தூரத்தை வில்லைக்குத் தெரிவிப்பது அடுத்த வேலை. பழைய கமராக்கள் சிலவற்றில் தூரமானி காட்டும் எண்ணைப் பார்த்து, வில்லை வளையத்தைக் கையாற் பொருத்த வேண்டும். சுருள் பிலிம் கமராவொன்றில் இரண்டையும் பிணைத்த முதன்முயற்சி 1916-இல் கொடாக் நிறுவனத்தாரால் நிகழ்ந்தது. ஜெர்மனியரின் சுப்பர் ஐகொன்டா 1934-இல் வெளிவந்தது. அதில் ஆடிக்குப் பதிலாக, ஆப்புப்போல் மெலிந்த இரண்டு கண்ணாடி அரியங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையிற் சுழன்று ஒளியை வளைக்கும். அவ்வரியங்கள் வில்லையின் முன்கண்ணாடியோடு பற்சக்கரத்தால் இணைக்கப்பட்டுள்ளன. நம் கையிலிருந்த மாமியா சிக்ஸ் 1940-இல் முதன்முதல் வந்த வகையைச் சேர்ந்தது. அதன் புதுமை யாதெனின், வில்லை ஓரிடத்தில் நிற்க, உள்ளே பிலிமே முன்னும் பின்னும் நகரும். துருத்தியோடு ஆடும் வில்லையை விட, உறுதியான உடலுக்குள் பிலிமை நகர்த்துவதே பிழை குறைந்த வழி என்று அதனை வகுத்தவர் எண்ணினர் போலும்.

எவ்வளவு நகர வேண்டும்? 75 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லைக்கு, ஒரு மீற்றர் தூரப் பொருளைக் குவிக்க ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் நகர்ச்சி வேண்டும். மூன்று மீற்றருக்கு 2 மில்லிமீற்றர் போதும். பத்து மீற்றருக்கு அரை மில்லிமீற்றருக்குச் சற்றே கூடுதல். நூறு மீற்றருக்கு அப்பால் நகர்ச்சி ஒரு மயிரிழையளவே. இக்கணக்கைக் கேட்ட மாணவர் ஒருவர், "அப்படியென்றால் தூரத்துக் காட்சியை விட, பக்கத்தில் நிற்பவரைத்தான் கவனமாக அளக்க வேண்டும், சேர்" என்றார். அதுவே உண்மை. அதன் பயனைப் பிற்பகலில் நாவலடியிலே கண்டோம்.

கல்லடிப் பாலம் கற்பித்தது

கோட்டையை விட்டுக் கல்லடிப் பாலத்தை அடைந்தோம். 1924-இல் திறக்கப்பட்டுத் தேசாதிபதி மனிங் அவர்களின் துணைவியார் பெயரைப் பெற்ற இரும்புப் பாலம் அது. 2013-இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர், வாகன நெரிசலின்றி நின்று வாவியை நோக்குதற்கு ஏற்ற இடமாயிற்று.

தூரமானியின் குறைபாடுகள் இரண்டை மாணவர்க்கு விளக்குதற்கு இப்பாலத்தை விடச் சிறந்த ஆய்வுகூடம் இல்லை. முதலாவது, கிடைக்கோடு. கமராவின் இரு சன்னல்களும் இடவலமாக அமைந்திருத்தலின், விம்பமும் இடவலமாகவே விலகும். நீர்மட்டம், அடிவானம், பாலத்தின் நீண்ட கைபிடி ஆகியவற்றை நோக்கினால், கோடு கோட்டின் மேலேயே வழுக்கிச் செல்லும். விலகியதா இணைந்ததா என்று கண்ணாற் கூற இயலாது. வாவி நாடோ கிடைக்கோடுகளின் நாடு. ஆகவே நிமிர்ந்து நிற்கும் ஒன்றைத் தேட வேண்டும். தோணியில் ஊன்றிய கம்பு, தென்னையின் உடல், வலை காயும் கழி, நிற்கும் மனிதர் ஆகியவையே இங்கு நமக்குத் துணை. அவையும் இல்லையாயின் கமராவைக் குத்தாகத் திருப்பிப் பிடித்து அளந்து, மீண்டும் நிமிர்த்திப் படம் எடுக்கலாம்.

இரண்டாவது, ஒன்றுபோல் மற்றொன்று வரும் வரிசை. பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஒரே அளவில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு சட்டத்தின் விம்பம் அடுத்த சட்டத்தின் விம்பத்தோடு இணைந்தாலும் கண்ணுக்குச் சரியாகவே தோன்றும், தூரமோ பிழையாயிருக்கும். இத்தகைய இடத்தில் தனித்த அடையாளம் ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். சட்டமொன்றில் நீண்டு வழிந்திருந்த துருக்கறையை ஒரு மாணவர் தேர்ந்தெடுத்தார். அக்கறைக்கு இணை வேறெங்கும் இல்லையாதலின் விடை தவறவில்லை.

பாலத்தைக் கடந்தால் கல்லடி. சிவானந்த வித்தியாலயத்தின் அயலிலே சுவாமி விபுலானந்தர் சமாதி கொண்டுள்ளார். காரைதீவிலே 1892-இல் தோன்றிய அப்பெரியார் விஞ்ஞானப் பட்டதாரி. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கும் உழைத்தவர். 1947-இல் வெளிவந்த அவரது யாழ் நூல் இசையையும் கணிதத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தது. அளவும் அழகும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை மாணவர்க்கு உணர்த்த அவ்விடத்திற் சற்று நின்று வணங்கிச் சென்றோம்.

நாவலடியில் ஒரு பழைய படம்

கடற்கரை வழியே வடக்கு நோக்கி நடக்கையில் திருச்செந்தூர் முருகன் ஆலயம் வருகின்றது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் சரிந்த அதன் கோபுரத்தைக் காண்போர் நெஞ்சம் கனக்கும். வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டாய்க் கிடக்கும் நாவலடி, அன்று பேரிழப்புக்கு உள்ளான ஊர்களுள் ஒன்று.

அங்கே தோணியருகில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம் கமராவைக் கண்டு, "என்ன மனே, இது பழைய காலத்துப் பெட்டியெல்லா? இன்னும் வேலை செய்யுதா?" என்று மாணவரை வினவினார். விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், வீட்டினுள் சென்று பொலித்தீன் உறையில் பொதிந்த படமொன்றை எடுத்து வந்தார். நான்கு பேர் முற்றத்தில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது.

"வாத்தியார், எங்கட வீட்டுப் படமெல்லாம் கடல் கொண்டுபோயிற்று. வெளியூரில இருந்த மருமகன்ட பெட்டியில இந்த ஒண்டுதான் மிஞ்சினது. நடுவில நிற்கிறது எங்கட அம்மா. அவட முகம் மட்டும் வடிவாத் தெரியல்ல. பின்னால நிற்கிற தென்னையப் பாருங்க, ஓலை ஓலையா எண்ணலாம்."

படத்தை வாங்கிப் பார்த்தோம். காரணம் வெளிப்படை. தூரமானி இல்லாத மலிவான கமராக்கள் அக்காலத்தில் மிகுதி. எடுப்பவர் தூரத்தைக் கண்ணால் மதித்து, அடிக்கணக்கில் வளையத்தைத் திருப்புவார். பத்தடியில் நின்றவர்களுக்கு இருபதடியில் வளையம் நின்றுவிட்டது போலும். வில்லை தனக்கு இட்ட கட்டளைப்படி இருபதடியிலிருந்த தென்னையைத் துல்லியமாகக் காட்டிவிட்டது. அதன்மீது குற்றமில்லை.

"இப்ப கொம்பியூட்டரில இதத் தெளிவாக்கலாம் எண்டு சொல்றாங்களே, மனே. ஏலாதா?" என்று கேட்டார் முதியவர்.

மாணவர் சற்றுத் தயங்கி, "ஐயா, முகத்தைத் தெளிவாக வரைந்து தரும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் படத்தில் பதியாததை அது எங்கிருந்து எடுக்கும்? வேறு பலருடைய முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, இப்படி இருக்கலாம் என்று ஒரு முகம் வரையும். அது அழகாக இருக்கும். உங்கள் அம்மாவாக இருக்குமோ தெரியாது" என்று பணிவாகக் கூறினார்.

முதியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின், "அப்ப வேணாம். இந்தப் படத்தில அவ நிற்கிற சாயல் எனக்குத் தெரியுது. அது போதும்" என்று படத்தை உறையிலிட்டார்.

அவரையும் அவருடைய பேத்தியையும் படம் எடுக்க அனுமதி கேட்டோம். முகமலர்ந்து இசைந்தார், சிறுமி தலைவாரிப் பூச்சூடி வந்தாள். இரண்டு மீற்றர் தூரத்தில் இருவரையும் நிறுத்தினோம். துவாரத்தை 3.5-இல் முழுதும் திறந்தால் இத்தூரத்தில் தெளிவு நிற்கும் ஆழம் ஒரு சாணளவே. எட்டாம் எண்ணுக்கு ஒடுக்கினால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீற்றர் முதல் இரண்டேகால் மீற்றர் வரை தெளிவு பரவும். அளப்பதற்கு எதனைப் பற்றுவது? முகத்திலே நிமிர்ந்த கோடு வேண்டுமாயின், கண்ணின் வெண்மையும் கருமையும் சந்திக்கும் விளிம்பே சிறந்தது. மாணவர் சிறுமியின் கண்ணை நோக்கிச் சக்கரத்தைச் சுழற்றினார். இரண்டாய் நின்ற கண் ஒன்றாயிற்று. "அசையாதே தங்கச்சி" என்று கூறி மூச்சையடக்கிப் பொத்தானை அழுத்தினார். அளந்த பின் எடுப்பவரோ நிற்பவரோ ஒரு சாண் முன்னே சாய்ந்தாலும் அளவு வீணாகும். ஆதலால் அளத்தலும் அழுத்தலும் ஒரே மூச்சில் நிகழ வேண்டும்.

அடுத்த கிழமை அப்படம் அச்சிட்டு அவர் கையிற் சேர்ப்பிக்கப்பட்டது. பேத்தியின் முகத்திலும் முதியவரின் முகத்திலும் ஒவ்வொரு கோடும் தெளிந்திருந்தது. பின்னால் நின்ற தென்னை மென்மையான சாம்பல் நிழலாய் ஒதுங்கி நின்றது.

வெளிச்சவீடும் அதன் நிழலும்

அன்று முதியவரின் தோணியிலேயே நாம் முகத்துவாரத்தைக் கடந்து, பாலமீன்மடுப் பக்கம் கரையேறினோம். 1913-இல் அமைக்கப்பெற்ற வெளிச்சவீடு 28 மீற்றர் உயரத்துடன் அங்கே நிற்கின்றது. துடுப்பு வலிக்கும்போதே முதியவர் கரையிலுள்ள மரமொன்றையும் வெளிச்சவீட்டையும் சுட்டி, அவை இரண்டும் ஒன்றாய் வரும்போது தாம் எங்கு இருக்கிறோம் என்பது விளங்கும் என்றார். இரண்டு அடையாளங்களை இணைத்து இடத்தை அறியும் அவ்வித்தையும் நம் தூரமானியின் வித்தைக்கு உறவே.

காற்று ஓய்ந்த ஓரத்தில் வெளிச்சவீடு தலைகீழாய் நீரில் தெரிந்தது. "நீரிலுள்ள இவ்விம்பத்தைப் படம் எடுக்கத் தூரத்தை எவ்வளவு வைக்க வேண்டும்?" என்று வினவினோம். நீர் நம் காலடியில் இருக்கின்றது. ஆகவே இரண்டு மீற்றர் என்றார் ஒருவர். பலரும் இவ்வாறே எண்ணுவர். தளவாடியிலே தோன்றும் விம்பம் ஆடியின் மேற்பரப்பில் இல்லை. பொருள் ஆடிக்கு முன் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் ஆடிக்குப் பின்னே உள்ளது. நீரும் ஆடியே. தூரமானியை நீரிலுள்ள கோபுரத்தின் மீது பொருத்தியபோது, அது நிலத்திலுள்ள கோபுரத்துக்குரிய அளவையே காட்டிற்று. கண்ணை ஏமாற்றிய நீர், முக்கோணத்தை ஏமாற்றவில்லை. அவ்வளவில் எடுத்தால் காலடியில் மிதக்கும் இலை மங்கும். ஓரளவு இரண்டும் வேண்டுமெனில் துவாரத்தைப் பதினொன்றுக்கு ஒடுக்கி, பத்து மீற்றரிற் குவித்தால், ஐந்து மீற்றர் முதல் முடிவிலி வரை தெளிவு கிட்டும்.

முழுமதியும் முடிவிலியும்

பொழுது சாய்ந்ததும் பேருந்தேறிக் கல்லடிக்கு மீண்டோம். முழுமதி நாட்களில், சித்திரை முதல் புரட்டாதி வரையான காலத்தில், பாலத்தின் அருகே நீரில் துடுப்பை ஊன்றி அதன் நுனியிற் காதை வைத்தால், மீனின் பாட்டுக் கேட்கும் என்பர் இவ்வூரார். நாம் சென்ற இரவில் காற்று மிகுதி, பாட்டுக் கேட்கவில்லை. மதி மட்டும் குறைவின்றி எழுந்தது.

பழைய கமராவைச் சோதிக்க முழுமதியை விட நல்ல பொருள் இல்லை. கமராவைப் பொறுத்தவரை அது முடிவிலித் தூரமே. வளையத்தை முடிவிலியில் வைத்து நோக்கும்போது மதி ஒன்றாய்த் தோன்றினால் தூரமானி நலம். இரண்டாய்த் தோன்றினால் உள்ளிருக்கும் ஆடி நிலைபெயர்ந்துள்ளது. மேலும் உறுதி வேண்டுமாயின், பகலிலே பிலிமின் இடத்தில் மெழுகுத்தாளை இறுக விரித்து, ஷட்டரைத் திறந்து வைத்து, தாளில் விழும் விம்பம் கூர்மையா என்று பார்க்கலாம். வாவிக்கரையின் ஈரமும் உப்புக்காற்றும் வில்லையிற் பூஞ்சணத்தை வளர்க்கும். தோலுறையில் மூடி வைக்காமல் காற்றும் வெளிச்சமும் படும்படி வைத்தல் நன்று. பாதி தெறிக்கும் ஆடியின் வெள்ளிப்பூச்சு மிக மெல்லியது. அதனைப் பஞ்சால் அழுத்தித் துடைத்தால் அழுக்கோடு பூச்சும் போய்விடும். இரண்டாம் விம்பம் என்றுமே தோன்றாது.

1978 நவம்பர் சூறாவளி, நீண்ட போர், ஆழிப்பேரலை என அடுக்கடுக்காய் வந்த இடர்களிலே மட்டக்களப்புக் குடும்பங்கள் பல தம் படத்தொகுப்புகளை இழந்தன. எஞ்சியவை வீட்டுப் பெட்டிகளிலும் அயலூர் உறவினரிடத்தும் கிடக்கின்றன. மாணவர்கள் இந்த விடுமுறையிலே தம் பாட்டன் பாட்டிமாரிடம் அவற்றைக் கேட்டு வாங்கிப் பிரதி செய்து, படத்தில் நிற்பவர் யார், எடுத்த இடம் எது என்று எழுதி வைத்தல் வேண்டும். பெயர் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அது நிகழ்தல் நலம். அலுமாரியில் பழைய மடிப்புக் கமரா ஏதேனும் உறங்கினால், அதையும் எடுத்து மதியை நோக்கிச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே உண்டு. வீட்டிலுள்ள முதியோரின் முகங்களை முதலில் எடுத்தல் நன்று.